மடக்குக் கத்தியின் தம்ப் ஸ்டட்டைக் கழற்றி மாட்டுவது எப்படி?

நான் இடது கைக்காரன். என் மடக்குக் கத்தியின் தம்ப் ஸ்டட், அதாவது கட்டைவிரலால் தள்ளி அலகைத் திறக்க வைத்திருக்கும் சின்னக் குமிழ், வலது கைக்குத் தோதாக ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று திருப்புளியோடு உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடம். குமிழ் அசையவில்லை, திருகாணியின் தலைதான் மழுங்கிப்போனது. அந்த அவசரத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குமிழைக் கழற்ற வேறு காரணங்களும் உண்டு. பாக்கெட்டில் மாட்டும். சாணைக்கல்லில் அலகின் அடிப்பகுதியைத் தீட்டும்போது கல்லில் இடிக்கும். முதுகுப்பக்கம் ஃபிளிப்பர், அதாவது விரலால் தள்ளி அலகைத் திறக்கும் சின்ன நீட்சி, நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி என்றால் குமிழ் பெரும்பாலும் உபரிதான். ஃபிளிப்பரும் இல்லை, நகம் வைத்து இழுக்கக் குழியும் இல்லை என்றால், கழற்றிய இடத்தில் வேறொன்றை மாட்டியே ஆக வேண்டும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்திகளில் இந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. 1981இல் வந்த அவர்களுடைய ஒர்க்கர் மாடலிலிருந்தே குமிழுக்குப் பதிலாக அலகில் ஒரு வட்டத் துளைதான்.

கருவியை எடுக்குமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கத்தியை மெதுவாக முழுக்கத் திறந்து குமிழ் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். கைப்பிடியின் விளிம்பில் முட்டி நின்றால், அந்தக் குமிழ்தான் அலகுக்குத் தடுப்பு. அதைக் கழற்றினால் அலகு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போகும், பூட்டும் ஒழுங்காக விழாது. அப்படிப்பட்ட கத்தியில் கை வைக்காதீர்கள். மடக்கிய நிலையிலும் இதேபோலப் பாருங்கள்.

இரண்டு, குமிழ் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தலையில் நட்சத்திரக் குழியோ அறுகோணக் குழியோ இருந்தால் மரை போட்டது, கழற்றலாம். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தால் அழுத்தி இறுக்கியதாக இருக்கலாம். அதைச் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், கடினமான அலகு வளையாமல் உடையும். லேத் பட்டறையில் பிரஸ் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

இனி வேலை. அலகைத் திறந்து, பூட்டு விழுந்ததை உறுதி செய்துகொண்டு, கூர்ப்பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து சுற்று சுற்றுங்கள். பெஞ்ச் வைஸ் இருந்தால் தாடைகளுக்கு இடையே மரத்துண்டோ தோலோ வைத்து அலகைப் பிடிக்கலாம். கத்தியை முழுதாகப் பிரிக்கத் தேவையில்லை.

அடுத்து சூடு. நான் தவறவிட்டது இதைத்தான். குமிழின் மரையில் பெரும்பாலும் லாக்டைட் போன்ற பசை இருக்கும். காற்று படாத இடத்தில், உலோகத்தோடு சேர்ந்து இறுகும் பசை அது. நீல நிற வகை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்புக்கு 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காக அடுப்பையோ டார்ச்சையோ காட்டிவிடாதீர்கள்: பல கத்தி எஃகுகளை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் டெம்பர் செய்து, அதாவது சூடுகாட்டிப் பதப்படுத்தி, வைத்திருப்பார்கள், அதற்கு மேல் போனால் கூர் நிற்காது. கூர்ப்பக்கத்தின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு, 25 வாட் சால்டரிங் அயர்னின் முனையைக் குமிழின் தலையில் மட்டும் அரை நிமிடம், ஒரு நிமிடம் வையுங்கள். முனை பிளாஸ்டிக் கைப்பிடியில் படக் கூடாது.

சூடு ஆறுவதற்குள் திருப்புங்கள். நட்சத்திரக் குழிக்கு டி6 அல்லது டி8 அளவு பிட் தேவைப்படும். தளதளவென்று ஆடும் பிட் வேண்டாம். குழியில் இறுக்கமாக உட்கார வேண்டும். நன்றாக அழுத்திக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அலகின் மறுபக்கம் இருக்கும் குமிழின் மறுபாதியும் கூடவே சுற்றினால் அதை இன்னொரு பிட்டால் பிடியுங்கள். குழி இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் குறடால் பிடிக்கலாம். அசையவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள், இன்னொரு முறை சூடு காட்டுங்கள். என்னைப்போலத் தலையை மழுக்கிவிட்டால், சின்ன அரத்தால் தலையில் ஒரு கோடு அறுத்துத் தட்டைத் திருப்புளியால் திருப்பலாம். எனக்கு அப்படித்தான் வந்தது.

புதுக் குமிழ் வாங்குமுன் துளையின் விட்டம், அலகின் தடிமன் இரண்டையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். துளை சிறிதாக இருந்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், கடினமாக்கிய அலகில் வீட்டு டிரில் பிட் வழுக்கத்தான் செய்யும். என்னைப்போலப் பக்கம் மாற்றுகிறவர்கள் துளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிவாகக் குடைந்திருந்தால் மாற்ற முடியாது.

மரையில் ஒட்டியிருக்கும் பழைய பசையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். முதலில் பசையில்லாமல் மாட்டி, கத்தியை மடக்கிப் பாருங்கள். குமிழ் கைப்பிடியில் உரசவில்லை என்றால் கழற்றி, நீல நிற வகையான லாக்டைட் 243இல் ஒரு சின்னத் துளி, குண்டூசித் தலை அளவு, மரையில் வைத்து இறுக்குங்கள். விரல்பலத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். வெளியே பிதுங்கியதை உடனே துடைத்துவிடுங்கள். அது அலகு சுழலும் அச்சாணிப் பக்கம் ஓடினால் கத்தியே இறுகிக்கொள்ளும்.

24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். அப்புறம் டேப்பைப் பிரித்து, மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடி, குமிழ் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.