குறைந்த செலவில் கடல்மீன் தொட்டி: உப்புநீரையும் மீனையும் தேடும் வழி

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மீனின் விலையைத்தான். நான் திருப்பிக் கேட்பது, “வாரம் எத்தனை லிட்டர் தண்ணீர் மாற்றப் போகிறீர்கள்?” என்று. மீனுக்குக் கொடுக்கும் காசு ஒருமுறைதான். உப்புநீருக்கான செலவு தொட்டி இருக்கும்வரை ஓயாது. அப்புறம் இன்னொரு செலவு உண்டு, அதை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை: மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய மீன் செத்துப்போய், அதற்குப் பதிலாக மறுபடி வாங்குவது. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் சுமாரான வருமானம் உள்ளவரும் கடல்மீன் வளர்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 100 லிட்டர் தண்ணீர் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. முதல்முறை நிரப்ப 3.5 கிலோ போதும். ஆனால் வாரம் 10 லிட்டர் மாற்றினால் வருடத்துக்கு 18 கிலோவுக்கு மேல் போகும். அதனால் தொடக்கத்திலேயே “உப்பு எங்கே மலிவு” என்று தேடுவதோடு, “உப்பை எப்படிக் குறைவாகச் செலவழிப்பது” என்றும் யோசிக்க வேண்டும்.

தண்ணீர்

சமையல் உப்பைக் கலந்தால் ஆகாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு தவிர மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவிலும் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலேயும் இருக்கின்றன. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இருக்கிறது. சமையல் உப்பில் இவை கிடையாது. கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவையில்தான் எல்லாம் சரியான விகிதத்தில் இருக்கும். ஆனால் கலவை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பவளத்துக்கென்று கால்சியமும் காரத்தன்மையும் கூட்டிய கலவை விலை அதிகம். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அது வேண்டியதில்லை, சாதாரணக் கலவையே போதும்.

பெரிய வாளியாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும், உண்மைதான். ஆனால் ஈரம் புகுந்தால் கலவை கல்லாக இறுகிவிடும். அப்படி இறுகியதில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத வண்டலாகிப் போகும். நான் செய்வது: பெரிய வாளியை ஒரு நண்பரோடு பங்கிட்டு, மூடி இறுக்கமான டப்பாக்களில் பிரித்து வைத்துக்கொள்வது. பிரிப்பதற்கு முன்னால் வாளியைப் புரட்டி நன்றாகக் கலந்துவிட வேண்டும். பயணத்தில் பொடி ஒரு பக்கமும் குருணை ஒரு பக்கமும் ஒதுங்கியிருக்கும்.

கலக்கும் முறை சுலபம். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். முதலில் விழும் கொஞ்சத் தண்ணீரில் உப்பின் செறிவு மிக அதிகமாகிக் கால்சியம் படிந்துவிடும். ஒரு சின்ன பம்பைப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டால் காலையில் தெளிந்திருக்கும். என் கலக்கும் பீப்பாயில் 10 லிட்டருக்கு ஒரு கோடு, 20 லிட்டருக்கு ஒரு கோடு என்று மார்க்கரில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்றும் வேலை மிச்சம்.

உப்பைவிட அதில் ஊற்றும் தண்ணீர்தான் பலருக்குத் தொல்லை தருகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின், பாஸ்பேட், சிலிகேட், பழைய குழாயாக இருந்தால் செம்பும் வரலாம். இதில் பாசி வளர்ந்தால் அதைக் குறைக்கத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உப்பு அங்கேயே கரைந்துபோகும். வீட்டில் ஆர்ஓ கருவி இருந்தால் அதன் தண்ணீரைப் பயன்படுத்தலாம். சில கருவிகள் சுவைக்காகக் கடைசியில் தாதுக்களைச் சேர்க்கும். அந்தக் கட்டத்துக்கு முன்பே தண்ணீரைப் பிரித்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் தண்ணீரின் நிலை உடனே தெரியும். சுழியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

உப்பை அளக்க ஹைட்ரோமீட்டரா, ரிஃப்ராக்டோமீட்டரா? முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் விலை குறைவு, ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே தவறாகக் காட்டும். ஒரு துளி நீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கே என் ஓட்டு. அதைச் சரிபார்க்க விற்கும் திரவத்தை வாங்கவும் தேவையில்லை. 36.5 கிராம் தூய உப்பை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அது ஒளியை வளைக்கும் அளவு 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) கடல்நீருக்குச் சமம். சமையல் உப்புக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே வேலை இதுதான். ஒரு துளி விட்டுப் பார்த்து, கோடு 35-இல் நிற்கும்படி திருகைத் திருப்பினால் போதும். தூய நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு அடர்த்தி 1.022 அல்லது 1.023 என்று வைக்கலாம், உப்பும் கொஞ்சம் மிச்சமாகும். இறால், நத்தை, பவளம் இருந்தால் 1.025-க்குக் குறையக் கூடாது.

சரி, கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கடல்நீரே இலவசம்தானே? ஆம், ஆனால் இடமும் நேரமும் பார்த்து எடுக்க வேண்டும். ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை கலக்கும் இடம், படகு எண்ணெய் மிதக்கும் இடம் இவற்றிலிருந்து தள்ளிப் போங்கள். மழை பெய்து சில நாள் ஆன பிறகு, கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது, மேற்பரப்புக்குக் கீழே கேனை அமிழ்த்தி எடுங்கள். தண்ணீர் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பாசிப் பெருக்கத்தின்போது நச்சு இருக்கக்கூடும். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில் தண்ணீர் எடுக்கவே தடை இருக்கலாம், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கேன் உணவுப்பொருளுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், அதனால் தூக்கும் தூரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்ததை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் உயிருள்ள மிதவை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை இறந்தால் மீனுக்கு நச்சான அமோனியா உண்டாகும். மூடிய கேனில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அடியில் வண்டல் படியும். மேலே உள்ள தெளிவை மட்டும் குழாயால் இறக்கி, ஒரு நாள் காற்று ஓட்டி, அமோனியாவும் உப்பின் அளவும் சோதித்த பிறகு பயன்படுத்துங்கள். கரையோரக் கடல்நீர் எல்லா நாளும் 35 பிபிடி இருப்பதில்லை.

மூன்றாவது வழி, கலந்து வைத்த உப்புநீரை லிட்டர் கணக்கில் விற்கும் கடைகள். சின்னத் தொட்டிக்கு, அதுவும் 40 லிட்டருக்குக் கீழே என்றால், ஆர்ஓ கருவியும் உப்பு வாளியும் வாங்குவதைவிட இது மலிவாகவே முடியும். வாங்கிய ஒவ்வொரு முறையும் அடர்த்தியை மட்டும் நீங்களே அளந்து பாருங்கள்.

உப்பு வீணாகும் இடம் ஒன்றிருக்கிறது. தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்தால் சிலர் உப்புநீரை ஊற்றி நிரப்புகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. அதனால் வெறும் ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு நாடா ஒட்டி, தினமும் அந்த மட்டத்துக்கு நிரப்பினால் உப்பு நிலையாக இருக்கும்.

தண்ணீர் மாற்றும் அளவையும் நாட்காட்டி தீர்மானிக்க வேண்டாம், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டின் சோதனை தீர்மானிக்கட்டும். குறைந்த மீன், குறைந்த தீனி என்று இருந்தால் வாரந்தோறும் மாற்றும் தேவை இல்லை. கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். அது பெருகிக்கொண்டே போவதால், வளர்ப்பவர்கள் ஒரு பிடியைச் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு சின்ன விளக்கும் வடிகட்டியில் கொஞ்சம் இடமும் கொடுத்தால் போதும்.

மீன் வாங்குவதற்கு முன்

தண்ணீர் தயாரானதும் மீன் விடக் கூடாது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதற்கு ஒரு டேம்செல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குங்கள் என்று இன்னமும் சொல்கிறார்கள். வேண்டாம். அந்த மீனுக்கு அது வதை. பிழைத்தாலும் தொட்டி முழுவதும் தன் இடம் என்று பின்னால் வருபவற்றை விரட்டும், பிடிக்கக் கல் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பாக்டீரியாவுக்கு அமோனியா கொடுக்கும் அந்த வேலையை அம்மோனியம் குளோரைடு கரைசல் சில துளிகளே செய்துவிடும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்குகிறது என்றால் தொட்டி தயார்.

பழைய தொட்டித் தண்ணீரை வாங்கி ஊற்றினால் இந்தக் காலம் குறையும் என்று நம்பாதீர்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில்தான் ஒட்டியிருக்கிறது. நல்ல தொட்டியிலிருந்து ஒரு கல் கிடைத்தால் அதுதான் பயன். பொழுதுபோக்கை விட்டு விலகுகிறவர்கள் கல், பம்பு, மீன் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்கான செம்பு மருந்து ஊற்றினார்களா என்று மட்டும் கேளுங்கள். ஊற்றியிருந்தால் அந்தக் கல்லில் இறாலும் நத்தையும் வாழ்வது கடினம்.

மீன்

மலிவான கடல்மீன் என்று நான் முதலில் சொல்வது கடைகளில் நன்னீர்த் தொட்டியில் நீந்தும் கறுப்பு மோலியைத்தான். மோலி இனங்கள் இயல்பிலேயே கடலோர உவர்நீரிலும் வாழ்பவை. சில நாட்கள் எடுத்துக்கொண்டு உப்பைச் சிறிது சிறிதாக ஏற்றினால் முழுக் கடல்நீரிலும் நலமாக இருக்கும், குட்டியும் போடும். விலை நன்னீர் மீனின் விலை. பாறைமேல் படியும் பாசியை நாள் முழுக்கக் கொறிக்கும். நன்னீரிலிருந்து வருவதால் கடல்மீன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவராது. என் தொட்டியில் கோமாளி மீன்களுக்கு முன்பே வந்தவை மோலிகள்தான். புதிதாகத் தொடங்குபவர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கோமாளி மீன். தொட்டியிலேயே முட்டையிட்டு வளர்க்கப்படும் கடல்மீன்களில் அதிகம் கிடைப்பது இதுதான். வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்பவர்களைத் தேடிப் பிடித்தால் கடைவிலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். தீனி தின்னப் பழகிய குஞ்சு, நீண்ட பயணம் செய்யாத குஞ்சு. விதவிதமான வெள்ளைக் கோலம் உள்ளவற்றுக்கு விலை பல மடங்கு, சாதாரண ஆரஞ்சு நிறத்துக்குக் குறைவு. வெள்ளைப் பட்டை பாதியில் நின்றுபோன குஞ்சுகளை இன்னும் குறைத்துக் கொடுப்பார்கள். பட்டை முழுமையாக இல்லாததால் மீனின் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கடலில் அது ஒண்டி வாழும் கடல் சாமந்தி என்ற உயிரை வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை, அது இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும்.

பங்காய் கார்டினல் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டி மட்டுமே இயற்கையாக வாழும் மீன் இது. தொட்டி வியாபாரத்துக்காக அளவில்லாமல் பிடிக்கப்பட்டு, 2007-இல் அழியும் நிலையில் உள்ள இனமாக ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் சேர்ந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். வெளிவரும் குஞ்சுகள் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலைத் தின்னும் அளவுக்குப் பெரியவை என்பதால் வீட்டிலேயே வளர்க்கலாம். ஆகவே வளர்ப்பில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள்.

விலை குறைவென்று ஏமாற வைக்கும் மீன்கள் சில. மாண்டரின் மீன் பார்க்க அழகு, ஆனால் கடலில் பிடித்தவை பெரும்பாலும் கோப்பிபாட் என்ற உயிருள்ள நுண்ணிய கடலுயிர் தவிர எதையும் தொடாமல் பட்டினியில் மெலியும். நீல டாங் குஞ்சு விரல் அளவில் கிடைக்கும், 30 சென்டிமீட்டர் வரை வளரும். டோமினோ டேம்செல் சின்னதில் சாது, வளர்ந்தால் முரடு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தைத் தின்பவை.

இன்னொன்று, சயனைடு. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது. சுற்றியிருக்கும் பவளத்தையும் அது கொல்கிறது. அப்படிப் பிடித்த மீன் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளுறுப்பு கெட்டுச் சில வாரத்தில் இறக்கும். விற்பவரிடம் எங்கே, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் கடலில் பிடித்த மீனை நான் வாங்குவதில்லை.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது என் எதிரில் தீனி போடச் சொல்வேன். தின்னாத மீன் வேண்டாம். வயிறு உள்வாங்கியிருந்தால், செவுள் வேகமாக அடித்தால், கல்லில் உடம்பை உரசினால் வேண்டாம். பிடித்துப்போனால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பயணக் களைப்பில் இறக்கும் மீன்கள் பெரும்பாலும் அந்த வாரத்தில் இறந்துவிடும்.

வாங்கிய மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சேமிப்பு. ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் புகுந்தால், எல்லா மீனையும் வெளியேற்றி இரண்டரை மாதம் வரை காலியாக வைக்க நேரலாம். தனித் தொட்டிக்குப் பெரிய செலவு இல்லை: ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டி, ஹீட்டர், ஒளிய இரண்டு பிவிசி முழங்கைக் குழாய். மணல், கல் வேண்டாம். நோயில்லாத பெரிய தொட்டியில் மாற்றி எடுத்த தண்ணீரையே இதில் ஊற்றுங்கள், புதிய உப்பு செலவாகாது. ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்னரே பெரிய தொட்டி வடிகட்டியில் போட்டு வைத்தால் பாக்டீரியாவும் தயாராக இருக்கும்.

பல மணி நேரப் பயணத்தில் வரும் மீனுக்கு ஒரு எச்சரிக்கை. பைக்குள் மீன் விட்ட மூச்சினால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அமோனியா பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அது மறுபடி நச்சாகும். மீனைப் பழக்க, திறந்த பையில் தொட்டி நீரை மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தால் மீன் அந்த நச்சிலேயே கிடக்கும். அனுப்புபவரிடம் உப்பு அடர்த்தியை முன்பே கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உப்பை உங்கள் தொட்டி அளவுக்கு அடுத்த சில நாட்களில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.