வளையல் வாங்கும்போது இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வளையல் அளவில் 2.10 என்பது 2.2-ஐ விடப் பெரியது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளிலும் சரி, இணையத்தில் வாங்கும்போதும் சரி, அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். பள்ளியில் படித்த தசமக் கணக்கை மனத்தில் வைத்து, 2.10 என்றால் 2.1 தானே, அப்படியென்றால் சின்னக் கைக்குச் சரியாக இருக்கும் என்று எடுத்துவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கையைத் தூக்கியதும் முழங்கை வரை ஓடுகிறது. புள்ளிக்குப் பின்னால் வருவது ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை, 2.10 அதற்கும் மேலே. இது வளையலின் உள்விட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். தடித்த வளையலை வெளி ஓரத்தோடு சேர்த்து அளந்தால் ஒரு சுற்றுப் பெரிதாகவே கணக்கு வரும்.

அடுத்தது, மணிக்கட்டை அளப்பது. வளையல் போய் உட்காருவது மணிக்கட்டில்தான், ஆனால் அதற்கு முன்னால் விரல் முட்டிகளைத் தாண்ட வேண்டுமே! கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கி, கையைக் குவித்து, ஆக அகலமான இடத்தில் அளவு நாடாவைச் சுற்றுங்கள். 18 செ.மீ. வந்தால் 2.4, 19 வந்தால் 2.6, 20 என்றால் 2.8, 21 என்றால் 2.10. நாடாவை இறுக்கிப் பிடிக்காதீர்கள், இரண்டு கையையும் அளந்து பெரிய கையின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எழுதும் கை பலருக்கும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பட்டையான வளையல் என்றால் மெல்லிய வளையலைப் போல வளைத்து நெளித்து நுழைக்க முடியாது, போட்டுப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். திருகு வைத்துத் திறந்து மூடும் காப்புக்கு மட்டும் மணிக்கட்டு அளவு போதும். அதை முட்டி அளவுக்குச் செய்யச் சொன்னால் கையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சீனத் தோழிகள் கையில் பார்த்து ஆசைப்பட்டு ஜேட் என்னும் கல்லில் செய்த வளையல் வாங்கும் நம் பெண்கள் நிறையப் பேர், அந்தக் கடைகளில் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். நம் 2.4 அங்கே ஏறக்குறைய 57, நம் 2.6 ஏறக்குறைய 60. விலையைக் கேட்பதற்கு முன்னால் அது என்ன வகை என்று கேளுங்கள். ஏ வகை இயற்கையான கல், மேலே மெழுகு மெருகு மட்டும் போட்டிருப்பார்கள். பி வகையை அமிலத்தில் வெளுத்து உள்ளே பிசின் ஏற்றியிருப்பார்கள். சி வகைக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது நம்மால் ஆகாத காரியம், சோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள். அப்புறம், ஜேட்டையும் தங்கத்தையும் ஒரே கையில் ஒட்டிப் போடாதீர்கள். கல் தங்கத்தைவிடப் பலமடங்கு கடினமானது, தங்கத்தில் கீறல் விழுந்துகொண்டே இருக்கும். கண்ணாடி வளையலும் அப்படித்தான், தங்கத்தைக் கீறிவிட்டுக் கடைசியில் தானும் உடையும்.

தங்கம் என்றதும் 916 முத்திரையைப் பார்த்த நிம்மதியில் நிறுத்திவிடாதீர்கள். 24-க்கு 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916, அவ்வளவுதான் அது சொல்கிறது. வளையல் கெட்டியா, உள்ளே காலியான கூடா, கூட்டுக்குள் அரக்கு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அரக்கும் கல்லும் சேர்ந்த எடையை மொத்தமாகத் தங்கம் என்று நினைத்து வாங்கினால், மாற்றப் போகும் நாளில் அதைக் கழித்துத்தான் விலை போடுவார்கள். தங்கத்தின் எடையைத் தனியாக ரசீதில் எழுதி வாங்குங்கள். தினமும் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும் கைக்குக் கூடு வளையல் வேண்டாம், நாலு இடத்தில் நசுங்கிவிடும். தங்கத்துக்குத்தான் பொருள் சேவை வரி இல்லையே என்று சிலர் வாதாடுவதையும் கேட்டிருக்கிறேன். அந்த விலக்கு முதலீட்டுத் தரத்துத் தங்கக் கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும்தான், நகைக்கு 2024 முதல் 9 விழுக்காடு உண்டு.

வளைகாப்புக்கு வாங்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கவலை. ஏழாம் மாதத்தில் பலருக்குக் கை வீங்கியிருக்கும், அதிலும் நம் ஊர்ச் சூட்டில் சாயங்காலம் ஆக ஆக வீக்கம் கூடும். கல்யாணத்தின்போது போட்ட அளவை ஞாபகம் வைத்து வாங்காதீர்கள், வளைகாப்புக்கு ஓரிரு நாள் முன்னால், மாலை நேரத்தில், கையைப் புதிதாக அளந்து ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குங்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு டஜன் கொண்டுவருவார்கள், அவர்களுக்கும் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கும் வளையலை எல்லாம் ஒரே அளவில் வாங்காமல் 2.4, 2.6, 2.8 என்று கலந்து வாங்கினால் யாரும் பைக்குள் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்காது.

கண்ணாடி வளையலை எடுத்ததும் உள்பக்கம் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கண்ணாடி வளையலுக்குப் பேர்போன வட இந்திய ஊரான பிரோசாபாத்தில் கண்ணாடியைச் சுருள் கம்பி போல இழுத்துச் சுற்றி, வெட்டி, இரண்டு முனைகளையும் தீயில் காட்டி ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு இடம் ஒரு முனை ஏறியும் ஒரு முனை இறங்கியும் இருந்தால் விரலில் நெருடும். நெருடுகிற வளையல் தோலைக் கீறும், விரிசல் விட ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். டஜனில் ஒன்று அப்படி இருந்தாலும் மாற்றிக் கேளுங்கள்.

குழந்தைக்குக் காப்பு போடும்போது தொங்கும் மணி வைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். கழன்று விழுந்தால் நேராக வாய்க்குள்தான் போகும்.

கடைசியாக, கழற்ற முடியாத வளையலை அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது. அறுவை சிகிச்சைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் கையில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பார்கள், பிரசவம் அறுவையாக மாறினாலும் இதே பேச்சுத்தான், அந்த அவசரத்தில் இழுபறி வேண்டாம். எட்டாம் மாதத்துக்குள் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இறுகினால் கையைத் தலைக்கு மேலே சில நிமிடம் தூக்கி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, அதன்மேல் சவர்க்காரத்தைத் தடவி மெதுவாக உருட்டி எடுங்கள். அப்படியும் வராவிட்டால் நகைக்கடையில் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள், தங்கத்தைத் திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம். விரல்கள் நீலம் பூத்தாலோ மரத்துப்போனாலோ கடைக்கு ஓடாதீர்கள், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.