எடிசனோட அம்மா மாதிரி வீட்ல சொல்லிக்கொடுக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது

எடிசன் ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் கொண்டு வந்தாரு, அம்மா அதை படிச்சிட்டு "நீ ஜீனியஸ், உனக்கு சொல்லிக்கொடுக்க எங்களால முடியாதுன்னு எழுதியிருக்காங்க"ன்னு பொய் சொன்னாங்கன்னு ஒரு கதை வாட்ஸ்ஆப்ல சுத்திக்கிட்டே இருக்கு. அப்படி எதுவும் நடக்கலைங்க. எடிசன் பெரிய ஆளானப்புறம் அவரே சொன்னது வேற, வாத்தியார் தன்னை மூளை குழம்பினவன்னு சொன்னது அவர் காதுலயே விழுந்திருக்கு, அழுதுகிட்டே வீட்டுக்கு வந்திருக்காரு, அம்மா நான்சி கோவமா ஸ்கூலுக்கே போய் வாத்தியார்கிட்ட நல்லா கேட்டுட்டு, இனிமே நானே சொல்லிக்கொடுக்கறேன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. லெட்டர் கதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா இதுல நாம எடுத்து செய்யறதுக்கு நிறைய இருக்கு.

இது அமெரிக்காவுல மிச்சிகன்ல இருக்கற போர்ட் ஹ்யூரன்ல நடந்தது, 1854ல அந்த குடும்பம் அங்க குடிவந்துச்சு. நான்சி கனடாவுல டீச்சரா இருந்தவங்க. அதனால நம்மளால முடியாதுன்னு விட்டுடாதீங்க, அவங்க செஞ்சதுல பாதி பக்கத்துல உக்கார்ற வேலைதான்.

முதல்ல, "மக்கு"ன்னு யாராவது சொன்னா குழந்தையோட காதையும் கண்ணையும் டெஸ்ட் பண்ணுங்க. எடிசனுக்கு சின்ன வயசுலயே காது மந்தமாயிடுச்சு. சரியா கேக்காத பிள்ளை கிளாஸ்ல முழிச்சிட்டு இருந்தா பாக்கறவங்களுக்கு கவனிக்காத மாதிரிதான் தெரியும்.

அடுத்தது வாசிப்பு. கிப்பன் எழுதின ரோம் வரலாறு, ஹ்யூமோட இங்கிலாந்து வரலாறு மாதிரி தடி தடி புக் எல்லாம் அந்த வீட்ல படிச்சிருக்காங்க. அவ்ளோ பெருசா நீங்க எடுக்க வேணாம், ஆனா பிள்ளை தானா படிக்கறதைவிட ஒரு படி கஷ்டமான புக்கா எடுத்து தினமும் சாப்பிட்டப்புறம் நீங்க சத்தமா வாசிங்க, புரியலன்னா நிறுத்தி பேசுங்க, வேகமா முடிக்கணும்னு ஓடாதீங்க.

இப்போ முக்கியமான விஷயம். ஒன்பது பத்து வயசுல அவர் கைக்கு பார்க்கர்னு ஒருத்தர் எழுதின சயின்ஸ் புக் கிடைச்சது, வீட்லயே செஞ்சு பாக்கற சோதனைகள் அதுல இருந்துச்சு, படிச்சதை அப்படியே நம்பாம ஒவ்வொண்ணா செஞ்சு பாத்தாரு. வீட்டு நிலவறையில பாட்டில் பாட்டிலா கெமிக்கல் சேத்து, யாரும் தொடக்கூடாதுன்னு எல்லாத்து மேலயும் விஷம்னு எழுதி ஒட்டியிருந்தாரு. உங்க வீட்ல ஒரு ஷெல்ஃப் போதும், ஆனா அது பிள்ளையோட ஷெல்ஃபா இருக்கணும், சுத்தம் பண்றேன்னு நீங்க கலைக்கக்கூடாது, ஆசிட் மாதிரி ஆபத்தான எதையும் உள்ள விடாதீங்க.

ஆரம்பிக்க ஒரு சோதனை சொல்றேன். நாலு எலுமிச்சம்பழம், நாலு துத்தநாகம் பூசின ஆணி, நாலு துண்டு செம்புக்கம்பி, இணைக்க கொஞ்சம் ஒயர், ஒரு சின்ன சிவப்பு எல்இடி. பழத்தை மேசைல உருட்டி நசுக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆணியும் ஒரு செம்பும் ஒண்ணோட ஒண்ணு படாம குத்துங்க, முதல் பழத்தோட ஆணில இருந்து அடுத்த பழத்தோட செம்புக்கு ஒயர் போடுங்க, இப்படியே நாலையும் கோத்தா ஒரு ஓரத்துல செம்பும் இன்னொரு ஓரத்துல ஆணியும் மிஞ்சும், எல்இடியோட நீளமான கால் செம்புக்கு, குட்டை கால் ஆணிக்கு. லைட்டை ஆஃப் பண்ணிட்டு பாருங்க, மங்கலாதான் எரியும். எரியலன்னா உடனே நீங்க கை வைக்காதீங்க, எங்க கோளாறுன்னு பிள்ளையே தேடட்டும், கால் மாறியிருக்கும் இல்ல ஒயர் தளர்ந்திருக்கும். ஒரு பழத்துல கிட்டத்தட்ட முக்கால்ல இருந்து ஒரு வோல்ட் வரைதான் வரும், சிவப்பு எல்இடிக்கு கிட்டத்தட்ட ரெண்டு வேணும், அதனாலதான் ஒரு பழம் பத்தலங்கறதை பழத்தை ஒண்ணொண்ணா கழட்டி காட்டுங்க. அந்த பழத்தை அப்புறம் சாப்பிடக்கூடாது, துத்தநாகம் கரைஞ்சிருக்கும்.

பன்னிரண்டு வயசுல, 1859ல, எடிசன் போர்ட் ஹ்யூரன் டெட்ராய்ட் ரயில்ல பேப்பரும் மிட்டாயும் விக்க போயிட்டாரு, டெட்ராய்ட்ல வண்டி திரும்பற வரைக்கும் கிடைச்ச நேரத்துல லைப்ரரி போனாரு. அந்த வயசுல வேலைக்கு அனுப்புங்கன்னு நான் சொல்லல, பிள்ளைக்கு லைப்ரரி கார்டு எடுத்துக் கொடுங்க, என்ன புக்குனு அதுவே எடுக்கட்டும்.

இந்த முறைல ஒரு ஓட்டையும் இருக்கு, அது கணக்கு. நியூட்டனோட பிரின்சிபியாங்கற கணக்கு நிறைஞ்ச இயற்பியல் புக்கை சின்ன வயசுலயே படிக்கப் போய் கணக்கு மேலயே அவருக்கு வெறுப்பு வந்துடுச்சு, பின்னாடி 1878ல பிரான்சிஸ் அப்டன்னு கணக்குல முறையா படிச்ச ஒருத்தரை வேலைக்கு வச்சுதான் பல்பு வேலைக்கான கணக்கை எல்லாம் போட்டாரு. அதனால கணக்கை பிள்ளையோட ஆர்வத்துக்கு விட்டுடாதீங்க, தினமும் அரை மணி நேரம் வரிசையா போடணும், உங்களுக்கு வரலன்னா அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தெரிஞ்சவங்க யாரையாவது வச்சுக்கோங்க.