மேன்ஹோலில் ஆள் இறக்கும் முன்: புது சூப்பர்வைசர் தம்பிக்கு

சிங்கப்பூரில் பழைய கழிவுநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் சைட்டில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாய் என்றால் காலை டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடத்தும் பாதுகாப்புப் பேச்சு, உன் தலையில்தான். "ஹெல்மெட் போடுங்க, கவனமா இருங்க" என்று பொதுவாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடாதே. இன்றைக்கு எந்த மேன்ஹோல், எவ்வளவு ஆழம், யார் இறங்குகிறார், யார் மேலே நிற்கிறார் என்று சொல். நம்ம ஊர்ப் பையன்களுக்குத் தமிழில் சொல். பங்களாதேஷ்காரர்களுக்கு வங்காளம் தெரிந்த ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கீழே ஆள் மயங்கிட்டா என்னப்பா செய்வே?" என்று கேள். "இறங்கித் தூக்குவேண்ணே" என்பான். நல்ல மனசுதான். ஆனால் இப்படி இறங்கியவர்களும் சேர்ந்து சாவதுதான் இந்த வேலையின் பழைய கதை. மேலே நிற்பவன் சத்தம் போட வேண்டும், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும், மேன்ஹோல் மேலே நிறுத்திய முக்காலிச் சட்டத்தில் உள்ள வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) ஆளைத் தூக்க வேண்டும். அதனால் இறங்குபவன் உடம்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையில் அந்தக் கயிறு எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். வின்ச்சை மீட்டிங்கிலேயே ஒரு தடவை சுற்றிக் காட்டச் சொல். துருப்பிடித்துச் சுற்றாத வின்ச் அங்கேதான் பிடிபடும்.

உள்ளே இருக்கும் கேஸ் அளப்பது அசெஸர் (இறங்கலாமா என்று சோதித்துச் சொல்லத் தகுதி பெற்றவர்) வேலை. நீ பக்கத்தில் நின்று பார். மூடியை முழுசாகத் திறக்கும் முன்பே துளை வழியாக டியூபை விட்டு அளக்க வேண்டும். பிறகு மேல், நடு, அடி மூன்று இடத்திலும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். டியூப் வழியாகக் காற்று வர நேரம் பிடிக்கும், எண் அசையாமல் நிற்கும்வரை காத்திரு. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) தாண்டக் கூடாது. அழுகிய முட்டை நாற்றத்தை நம்பாதே. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. சேற்றைக் கிளறினால் புதுசாகக் கேஸ் கிளம்பும். ஆகவே இறங்குபவன் நெஞ்சிலும் கேஸ் அளக்கும் டிடெக்டர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மேன்ஹோலுக்குள் காற்று ஊதும் புளோவர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்றும் பார். லாரியின் புகைக்குழாய் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே நல்ல காற்று போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் கையெழுத்தாகாமல் யாரும் இறங்கக் கூடாது. இதில் பேச்சே கிடையாது.

இனி காசு விஷயம். இன்னொரு டிடெக்டர் கேட்டால் "பட்ஜெட் இல்லை" என்பார்கள். 2024 ஏப்ரல் முதல் அரசுக் கட்டுமான டெண்டர்களில் பாதுகாப்புக்குக் குறைந்தது 5 சதவீத மதிப்பெண் இருக்கிறது. பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக 25 தண்டனைப் புள்ளி சேர்ந்த கம்பெனிக்குக் கொஞ்ச காலம் அரசு டெண்டரே கிடையாது. இதைப் பணிவாக நினைவுபடுத்து. பாஸ்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். கேட்பதை வாயால் கேட்காதே. எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, பழைய டிடெக்டரின் காலிபரேஷன் ஸ்டிக்கரை (அளவு சரிபார்த்த தேதி இருக்கும்) படமெடுத்துச் சேர்த்து அனுப்பு.