பேஸ் கிட்டாருக்குப் புதியவரா? இந்த வரிசையில் தொடங்குங்கள்

பேஸ் கிட்டார் வாங்கிவிட்டீர்கள், அல்லது நண்பரிடமிருந்து இரவல் வாங்கி வந்திருக்கிறீர்கள். வாருங்கள், நல்வரவு. புதிதாக வருகிறவரைக் கண்டதும் ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள்: பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்காதே, ஐந்து தந்தி உள்ளதை வாங்கு, ஸ்கேல்களை மனப்பாடம் செய், ஸ்லாப் (கட்டை விரலால் தந்தியை அடித்து வாசிப்பது) கற்றுக்கொள். இவற்றில் பல நல்ல அறிவுரைகள்தான். எது முதலில், எது பிறகு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், தொடக்கத்தில் கைவர வேண்டிய திறமை ஒன்றே ஒன்று. எழுப்பிய ஒலியை, நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகளை அதை மனதில் வைத்தே அடுக்கியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. "கிட்டார் வராதவர்கள்தான் பேஸுக்குப் போவார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கேரல் கே ஏற்கெனவே தேர்ந்த கிட்டார் கலைஞர். 1963இல் ஹாலிவுட்டில் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல் போகவே, அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதிகம் அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். அவர் வாசித்தது பிக்கால். அதே காலத்தில் டெட்ராய்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே கொண்டு மீட்டினார். இன்று பெரும்பாலோர் இரண்டு விரல்களால் வாசிக்கிறார்கள். எனவே "இதுதான் ஒரே வழி" என்று யார் சொன்னாலும் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில், இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் பேஸ் தனி மெட்டாகவே பாடக்கூடியது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 1: வாத்தியத்தைச் சோதியுங்கள்

நான்கு தந்திகள் போதும். தடித்ததிலிருந்து மெல்லியதுவரை அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி. கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கும் இதே பெயர்கள்தான். பேஸில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுவே அளவு. கை சிறியதாக இருந்தால் 30 அங்குலத்தில் வரும் ஷார்ட் ஸ்கேல் வகையைத் தயங்காமல் வாங்கலாம். பெரிய கலைஞர்களும் அதை வாசித்திருக்கிறார்கள்.

பழையதை வாங்குவதானால் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துபாருங்கள். ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; அதற்குப் பின்னுள்ள கட்டத்தையும் அப்படியே சொல்வார்கள். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. இடைவெளியே இல்லையென்றாலும், மிகப் பெரிதாக இருந்தாலும் கழுத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் உடனே தேவையில்லை. ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று இருந்தால் வீட்டில் யார் தூக்கமும் கெடாது. கிட்டாருக்கான சிறிய ஆம்ப் கைவசம் இருந்தால் ஒலியைக் குறைவாக வைத்து வாசியுங்கள். கூட்டினால் அதன் ஸ்பீக்கர் பழுதாகக்கூடும். செல்பேசியின் சிறு ஸ்பீக்கரை நம்பிப் பாட்டுக் கேட்டு பேஸ் கற்க முயலாதீர்கள். அந்தத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வலு அதற்கு இல்லை. இயர்ஃபோனில் கேளுங்கள்.

படி 2: சுருதி சேர்த்தல்

டியூனர் செயலி ஒன்று போதும். தாழ்ந்த ஈ தந்தியைச் சில டியூனர்கள் பிடிக்காமல் தடுமாறும். அப்போது பன்னிரண்டாவது ஃபிரெட்டின் உலோகத்துக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு, மீட்டியவுடன் விரலை எடுத்துவிடுங்கள். மணி போன்ற ஒலி வரும். அது ஒரு ஸ்தாயி மேலே இருப்பதால் டியூனர் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இறக்கியபடியே விட்டால் தந்தி கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். பிறகு காதால் சரிபாருங்கள். ஈ தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் வரும் ஸ்வரமும் ஏ தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த தந்திகளுக்கும் இதே கணக்குதான்.

படி 3: உட்காருதல், நிற்றல்

தோள்வாரை உட்கார்ந்திருக்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நின்றாலும் பேஸ் அதே உயரத்தில் இருக்கும்படி வாரின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு மணிக்கட்டுகளும் கூடியவரை நேராக இருக்கட்டும். விரல் நுனி எரிவது இயல்பு, சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதால் எதுவும் வரப்போவதில்லை.

படி 4: மீட்டும் கை

கட்டை விரலை பிக்கப்பின் (தந்திகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் கட்டை) விளிம்பில் சாய்த்து வையுங்கள். ஆள்காட்டி விரலால் ஏ தந்தியை மீட்டுங்கள். விரலைக் கொக்கிபோல வளைத்து இழுக்கக் கூடாது. தந்தியைக் கடந்து போய், அடுத்துள்ள தடித்த ஈ தந்தியின்மேல் அது சாய்ந்து நிற்க வேண்டும். அடுத்து நடுவிரல், மறுபடி ஆள்காட்டி. இப்படி மாறி மாறி, இரண்டு விரலின் ஒலிக்கும் வேறுபாடு தெரியாத வரை.

வீணை கற்றவர்களுக்கு இந்த இரண்டு விரல்களும் ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் வீணையில் மீட்டு கீழ்நோக்கிப் போகும், பேஸில் விரல் உள்ளங்கையை நோக்கி வரும். முதல் சில நாட்கள் அது குழப்பும்.

படி 5: நிறுத்தப் பழகுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு சோதனை. ஈ தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டை அழுத்தி ஓங்கி மீட்டுங்கள். இரண்டு நொடி கழித்து அந்தத் தந்தியை மட்டும் உள்ளங்கையால் அடக்குங்கள். ஒலி நின்றுவிடவில்லை, அல்லவா? நீங்கள் தொடவே தொடாத ஏ தந்தி, தன் ஸ்வரத்தைக் கேட்டதும் தானாக அதிர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கிறது. பேஸில் இந்த வேண்டாத ஒலிகள் கீழே சேர்ந்துகொண்டே போகும். பாட்டு முழுவதும் சேறாகக் கலங்கிக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புதியவர்களோ ஆம்ப்பின் குமிழ்களைத் திருகித் திருகி அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள்.

அடக்கும் வேலையை இரண்டு கைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மெல்லிய தந்திகளுக்கு நகரும்போது வலக்கைக் கட்டை விரலை பிக்கப்பிலிருந்து எடுத்து ஈ தந்தியின்மேல் வையுங்கள், அது அடங்கிவிடும். மீட்டிய விரல் சாய்ந்து நிற்கும் தந்தியும் தானாக அடங்கும். இனி கீழே இருக்கும் மெல்லிய தந்திகள். அவற்றை இடக்கை ஆள்காட்டி விரல், சற்றே தட்டையாகப் படிந்து, அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஸ்வரத்தை நிறுத்தும்போது இடக்கை விரலைத் தந்தியிலிருந்து தூக்கிவிடாதீர்கள். அழுத்தத்தை மட்டும் விடுங்கள், தொடுகை இருக்கட்டும். கூடவே இன்னொரு விரலும் தந்தியைத் தொட வேண்டும். ஐந்து, ஏழு, பன்னிரண்டு ஆகிய ஃபிரெட்டுகளின் மேல் ஒற்றை விரல் மட்டும் பட்டால், சுருதி சேர்க்கும்போது கேட்ட மணியொலி வேண்டாத நேரத்தில் எழும்.

இப்போது பயிற்சி. மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். ஒரு தட்டில் ஸ்வரத்தைத் தொடங்கி, சரியாக அடுத்த தட்டில் நிறுத்துங்கள். மூன்றாவது தட்டில் மறுபடி தொடக்கம், நான்காவதில் நிறுத்தம். தொடக்கம் தட்டோடு சேர்வது சீக்கிரம் வந்துவிடும். நிறுத்தம்தான் முந்தும், பிந்தும். செல்பேசியில் பதிவுசெய்து இயர்ஃபோனில் கேட்டால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று உடனே தெரியும். இது பிடிபட்டபின், ஒலி அரைத் தட்டு மட்டும் நீடிக்கும்படி வாசியுங்கள். ஸ்வரம் அதேதான், வேகம் அதேதான். ஆனால் பாட்டின் நடையே மாறிவிட்டதுபோலத் தோன்றும். பேஸ்மீது உண்மையான ஆசை எனக்கு இந்த இடத்தில்தான் வந்தது, உங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன்.

படி 6: அழுத்தும் கை

34 அங்குல பேஸில் முதல் ஃபிரெட்டின் அகலம் ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர். கிட்டாரில் அது சுமார் 3.6. நான்கு ஃபிரெட்டுக்கு நான்கு விரல் என்ற முறையை அந்த இடத்தில் தொடங்கினால் கைதான் நோகும். ஐந்தாவது ஃபிரெட்டில் அகலம் 3.8 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது, அங்கே தொடங்குங்கள். கீழ் ஃபிரெட்டுகளில் டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்றது) மரபில் வந்த விரல்முறை நல்லது. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டு விரல் என மூன்று ஃபிரெட்டுக்கு மூன்று விரல். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை நிற்கும்.

ஃபிரெட்டின் உலோகத்துக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலம் போதும். கட்டை விரலைக் கழுத்தின் பின்னாலிருந்து எடுத்துவிட்டு ஒரு ஸ்வரம் வாசித்துப் பாருங்கள். ஒலி வந்தால் இதுவரை தேவைக்கு மேல் நெருக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

படி 7: முதல் வரிசை

கர்நாடக இசை கேட்ட காதுக்கு இது எளிது: ச, ப, மேல் ச. ஈ தந்தியின் மூன்றாவது ஃபிரெட் ச. ஏ தந்தியின் ஐந்தாவது ப. டி தந்தியின் ஐந்தாவது மேல் ச. மேற்கத்திய பெயரில் ஜி, டி, ஜி. இந்த உருவத்தை அப்படியே எங்கு நகர்த்தினாலும் உறவு மாறாது. கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மேஜர் என்றாலும் மைனர் என்றாலும் இந்த மூன்று ஸ்வரங்களும் பொருந்தும். அதனால்தான் தொடக்கக்காரருக்கு இது பாதுகாப்பான இடம்.

ஜி, ஈ மைனர், சி, டி என்ற நான்கு கார்ட்ஸ் அடங்கிய சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ மைனருக்கு வெறும் ஈ தந்தி, ஏ தந்தியின் இரண்டாவது ஃபிரெட், டி தந்தியின் இரண்டாவது ஃபிரெட். சி-க்கு ஏ தந்தியின் மூன்றிலிருந்தும், டி-க்கு ஏ தந்தியின் ஐந்திலிருந்தும் அதே உருவம். முதல் நாள் ச மட்டும் வாசியுங்கள், ஒவ்வொரு கார்ட்ஸுக்கும் நான்கு தட்டு. ப-வும் மேல் ச-வும் பிறகு வரட்டும். வெறும் ஈ தந்தியில் நிறுத்த இடக்கை விரல் ஏதும் அழுத்தியிருக்காது. அங்கே இடக்கை விரல்களைத் தட்டையாகப் போட்டு அடக்க வேண்டும்.

டிரம்ஸ் வாசிப்பவர் யாராவது கிடைத்தால் அவருடைய பாஸ் டிரம்மை மட்டும் கவனியுங்கள். காலால் அவர் அடிக்கும் அதே நேரத்தில் உங்கள் ச விழட்டும். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்) விழும் நேரத்தில் ஒலியை நிறுத்திப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மெட்ரோனோமின் வேகத்தைப் பாதியாக்கி, அதன் தட்டை இரண்டாம் நான்காம் எண்ணிக்கையாகக் கொண்டு வாசியுங்கள். ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு.

படி 8: கேட்பதும் சொல்வதும்

சந்தேகம் கேட்கும்போது "என் வாசிப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்ற பதில்தான் வரும். இரண்டு கைகளும் தெரியும்படி அரை நிமிடம், மெட்ரோனோமோடு பதிவுசெய்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாவது தட்டில் ஒலி ஏன் நீள்கிறது?" இப்படிக் கேட்டால், வாசிக்கத் தெரிந்த எவரும் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்.

நாளைக்கு உங்களிடம் புதியவர் ஒருவர் வந்து கேட்டால், விரலைக் குறைசொல்லும் முன் அவருடைய வாத்தியத்தை வாங்கிப் பாருங்கள். தந்தி அதிர்ந்து கரகரத்தால் எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். முதல் சில ஃபிரெட்டுகளில் மட்டும் என்றால் கழுத்து அளவுக்கு மீறி நேராக நிமிர்ந்திருக்கலாம். ஒரே ஒரு ஸ்வரத்தில் என்றால் அதற்கு அடுத்த ஃபிரெட் மேலெழுந்திருக்கலாம். எல்லா இடத்திலும் என்றால் தந்திகள் மிகத் தாழ்வாக இருக்கலாம், அல்லது அவர் மிக ஓங்கி மீட்டலாம். மெதுவாக மீட்டச் சொல்லிப் பாருங்கள். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பிப் பழக்கமில்லை என்றால் அவரும் தொட வேண்டாம், நீங்களும் தொட வேண்டாம். பழுதுபார்க்கிறவரிடம் அனுப்புங்கள், அவரே ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பமாட்டார்.