ஒரு வாரப் பட்டறையில் கையால் பானை செய்வது: காயும் நாளை முதலில் எண்ணுங்கள்

தங்கிப் படிக்கும் மண்பாண்டப் பட்டறைக்குப் போகிற பலரும் செய்யும் தப்பு, முதல் மூன்று நாளும் சின்னக் கிண்ணங்களில் கைபழகிவிட்டுக் கடைசியில் பெரிய பானையில் இறங்குவது. நானும் அப்படித்தான் செய்தேன். கிளம்புகிற அன்று என் பானை சூளைப் பக்கமே போகாமல் ஈரத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தது.

அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். சூளை ஏற ஒரு நாள், ஆற ஒரு நாள், அதற்கு முன்னால் காய மூன்று நாளாவது வேண்டும். ஏழு நாள் பட்டறை என்றால் பெரியதை முதல் நாள் மாலையே தொடங்கிவிட வேண்டும், சின்னதெல்லாம் அப்புறம்.

மண்ணைப் பிசையும்போது மடிக்காதீர்கள், மடிப்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையால் முன்னால் தள்ளி, உருட்டி, மறுபடி தள்ளுங்கள். கம்பியால் இரண்டாக அறுத்துப் பார்த்து, வெட்டுமுகத்தில் ஓட்டை தெரியாத வரைக்கும்.

கைபழக, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டை போதும். நடுவில் கட்டைவிரலை இறக்கி, அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். பிறகு சுற்றிக்கொண்டே கீழிருந்து மேலாகக் கிள்ளி வாருங்கள். விளிம்பைக் கடைசியில்தான் மெலிதாக்க வேண்டும், ஏனென்றால் முதலில் காய்ந்து வெடிப்பதும் அதுதான்.

பெரிய பானைக்கு விரல் தடிமனில் கயிறு கயிறாக உருட்டி, அடிக்கு வைத்த வட்டமான மண் தட்டின்மேல் அடுக்க வேண்டும். வைக்கும் இடத்தை முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி, உள்ளேயும் வெளியேயும் மேல் கயிற்றைக் கீழ்க் கயிற்றோடு இழுத்துத் தேய்த்துவிடுங்கள். வெளியே கயிற்றின் வரி அழகாக இருக்கிறதென்று விட்டுவைக்க ஆசையாக இருக்கும், சரி, விடுங்கள், ஆனால் உள்பக்கம் மட்டும் கட்டாயம் தேய்க்க வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, விளிம்பில் மட்டும் ஈரத்துணி போட்டு, கீழே கொஞ்சம் இறுகவிடுங்கள். ஒரே மூச்சில் உயர்த்தினால் இடுப்பு பிதுங்கி உட்கார்ந்துவிடும். சுவர் முழுக்க ஒரே தடிமன் இருக்கட்டும், ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் போதும்.

கைப்பிடி ஒட்டவும் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றவும் சரியான நேரம், பானை தோல் போல இறுகி, அழுத்தினால் குழியாமல் இருக்கும்போது. கைப்பிடியும் அதே அளவு இறுகியிருக்க வேண்டும். இறுகிய பானையில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவு சுருங்கி, மறுநாள் ஒட்டில் கீறல் விழும்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். முதல் நாள் பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, அடியும் காய்வதற்குக் கம்பி அடுக்கில் வையுங்கள். வெயிலும் மின்விசிறியும் ஆகாது. காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. சூளையில் பானை வெடிப்பதற்குக் காற்றுக்குமிழியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், உண்மையில் மீந்த ஈரம் 100 டிகிரிக்கு மேல் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைப்பதுதான் அது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், அதனால்தான் சூளையை அவசரப்பட்டுத் திறக்க விடமாட்டார்கள்.

காய்ந்து சுட்டு முடிக்கும்போது பெரும்பாலான மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், டம்ளர் செய்தால் பெரிதாகவே செய்யுங்கள். கண்ணாடி போலப் படியும் மெருகுப்பூச்சு (கிளேஸ்) இல்லாமல் 900, 1000 டிகிரியில் சுட்ட பாத்திரத்தில் தண்ணீர் கசியும், பூச்சாடி வைக்கிற மேசையில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் போதாமல் சுடாமலே நின்றுவிட்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள், வழியிலேயே நொறுங்கிவிடும். நன்றாகக் காயவிட்டுத் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். பாதி ஈரத்தில் போட்டால்தான் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும்.