போன் போனாலும் கணக்கு போகக் கூடாது: ஆதென்டிகேட்டர் செயலியைச் சரியாக அமைப்பது எப்படி?

2023 நவம்பரில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கும்போது என் போன் கை நழுவித் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், திரை எரியவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் நான்கு நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். போன் வேலை செய்தது, ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. படங்களும் தொடர்பு எண்களும் திரும்ப வந்துவிட்டன. கணக்குகளில் நுழையக் கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியைத் திறந்தால் மட்டும் வெறும் பக்கம். 11 கணக்குகளுக்கான சாவிகள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

ஒன்பது கணக்குகளை மீட்க மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு கிடைக்கவே இல்லை. அதில் ஒன்று, கல்லூரிக் காலத்திலிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு விளையாட்டாக வாங்கிச் சேர்த்த கணக்கு. ஆறு வருடச் சேமிப்பு. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். என் தம்பிக்கும் அலுவலகத்தில் நாலைந்து பேருக்கும் அமைத்துக் கொடுத்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஸ்எம்எஸ் ஓடிபி போதாதா?

வங்கிக்கு அதுதான் வரும், அதில் நமக்குத் தேர்வு குறைவு. ஆனால் மின்னஞ்சல், விளையாட்டுக் கணக்கு, சமூக ஊடகம் இவற்றுக்கு எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம் என்பேன். உங்கள் பெயரில் வேறொருவர் நகல் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கிலேயே, அவருடைய எண்ணைக் கைப்பற்றியவர்கள் பதிவு போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரெடிட் நிறுவனத்தின் ஊழியர் கணக்குகளுக்குள் எஸ்எம்எஸ்ஸை இடைமறித்துத்தான் நுழைந்தார்கள்.

ஆதென்டிகேட்டர் செயலிக்கு சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். தளம் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி உங்களிடம் ஒரே ஒரு முறை காட்டுகிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை புதிய ஆறிலக்க எண்ணைச் செயலி காட்டும். தளமும் அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். அவ்வளவுதான். 2011இல் வெளியான பொதுத் தரம் இது. ஆகவே எந்தச் செயலியை வைத்தாலும் ஒரே எண்தான் வரும்.

இதில் ஒன்றை மனதில் வையுங்கள். திரையில் ஓடும் ஆறிலக்க எண்ணுக்குத் தனி மதிப்பு இல்லை. அந்தச் சாவிதான் எல்லாம். சாவி கையில் இருந்தால் ஆயிரம் போன் உடைந்தாலும் கவலையில்லை.

படி 1: செயலியைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்ட்ராய்டு என்றால் ஏஜிஸ். வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். இலவசம், மூலநிரல் திறந்தது, விளம்பரம் இல்லை, எல்லாச் சாவிகளையும் கடவுச்சொல்லால் பூட்டி ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். ஐபோனுக்கு ஏஜிஸ் கிடையாது. அங்கே என்டே ஆத் நல்லது. அது ஆண்ட்ராய்டிலும் கணினியிலும்கூட ஓடும்.

கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்து சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி உண்டு. வசதிதான். ஆனால் கூகுள் கணக்கின் சாவியே கூகுள் கணக்குக்குள் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல அது. ஆத்தி (Authy) என்ற செயலியை முன்பு பலர் பரிந்துரைத்தார்கள். சாவிகளை வெளியே எடுக்க வழி தராததாலும், 2024இல் கணினிச் செயலியை நிறுத்திவிட்டதாலும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

பிளே ஸ்டோரில் வெறுமனே 'ஆதென்டிகேட்டர்' என்று தேடினால் வாரச் சந்தா கேட்கும் செயலிகள் பல வரும். அவை எதுவும் வேண்டாம். இந்த வேலைக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

ஏஜிஸை முதன்முதல் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும். கைரேகையைச் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் பேக்கப் கோப்பு கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் திறக்கும், கைரேகைக்குத் திறக்காது. மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது. நான் தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். நீளமாகவும் இருக்கிறது, நினைவிலும் நிற்கிறது.

படி 2: முதலில் மின்னஞ்சல்

மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி மின்னஞ்சல்தான். அதனால் ஜிமெயிலில் தொடங்குங்கள். கணினியில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதற்குள் ஆதென்டிகேட்டர் என்பதைச் சொடுக்குங்கள். கியூஆர் கோடு வரும்.

படி 3: இங்கே நில்லுங்கள்

எல்லோரும் இந்த இடத்தில் போனை எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு 'அடுத்து' என்று போய்விடுவார்கள். நானும் 11 முறை அதைத்தான் செய்தேன். அந்தப் பக்கத்தை மூடியதும் சாவி மறைந்துவிடும். பிறகு எந்தத் தளமும் அதைத் திரும்பக் காட்டாது.

ஆகவே ஸ்கேன் செய்வதற்கு முன், கியூஆர் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா?' என்று இருப்பதை அழுத்துங்கள். கோடு இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரி வரும். கூகுள் அதை நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்து 32 எழுத்துகள் காட்டும். அதுதான் சாவி. அதை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள், பக்கத்தில் தளத்தின் பெயரும் தேதியும்.

கையால் எழுதும்போது எனக்கு இடித்த இடம் ஒன்று உண்டு. வட்டமாக இருப்பது ஓ எழுத்தா பூஜ்யமா, நேர்கோடு ஐ எழுத்தா, எல் எழுத்தா, எண் ஒன்றா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் போராடினேன். பிறகுதான் தெரிந்தது: இந்தச் சாவிகளில் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும், 2 முதல் 7 வரையான எண்களும் மட்டுமே வரும். 0, 1, 8, 9 வரவே வராது. வட்டம் என்றால் ஓ எழுத்து. 8 போலத் தெரிந்தால் பி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது, இடைவெளியும் கணக்கில்லை. இது தெரிந்தபின் ஒரு சாவியை எழுத இரண்டு நிமிடம் போதும்.

எழுதியபின் கியூஆரை ஸ்கேன் செய்யாதீர்கள். ஏஜிஸில் கூட்டல் குறியை அழுத்தி, கைமுறையாகச் சேர்ப்பதைத் தேர்ந்து, நோட்டில் எழுதியதைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், நோட்டைப் பாருங்கள். வரும் ஆறிலக்க எண்ணைத் தளத்தில் போட்டு அது ஏற்றுக்கொண்டால், நீங்கள் எழுதியது சரி என்று அப்போதே உறுதியாகிவிடும். ஸ்கேன் செய்திருந்தால் எழுத்துப் பிழை இருப்பது போன் உடைந்த அன்றுதான் தெரியும்.

கியூஆர் கோட்டைத் திரைப்பிடிப்பு எடுத்து கேலரியில் வைப்பது வேண்டவே வேண்டாம். கேலரிப் படங்கள் தானாக இணையத்துக்கு ஏறும். எத்தனையோ செயலிகளுக்கு நாம் கேலரி அனுமதி கொடுத்திருக்கிறோம்.

படி 4: பேக்கப் கோடு

போன் கையில் இல்லாதபோது ஆறிலக்க எண்ணுக்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோடுகள் அதே பகுதியில் இருக்கும். கூகுள் 10 தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக 10 வாங்கினால் பழையவை செல்லாது என்பதால் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். என் தாளும் நோட்டும் வீட்டுப் பத்திரம் வைக்கும் உறைக்குள் இருக்கின்றன. அம்மாவுக்கு இடம் தெரியும்.

படி 5: ஏஜிஸின் பேக்கப்

செட்டிங்ஸில் பேக்கப் பகுதிக்குப் போய்த் தானியங்கி பேக்கப்பை இயக்கி ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். அதோடு விட்டுவிட்டால் கோப்பு அதே போனுக்குள்தான் கிடக்கும், போன் போனால் அதுவும் போகும். மாதம் ஒரு முறையாவது அந்தக் கோப்பைப் பென்டிரைவிலோ கணினியிலோ நகலெடுங்கள். கோப்பு பூட்டியே இருப்பதால் கூகுள் டிரைவில் போட்டாலும் பயமில்லை, கடவுச்சொல் வலுவாக இருந்தால்.

அப்புறம், இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் யாருடைய பழைய ஆண்ட்ராய்டு போனையாவது வாங்கி, ஏஜிஸை நிறுவி, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு போனிலும் ஒரே எண் ஓடினால் பேக்கப் உண்மையானது. சோதிக்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. சோதனை முடிந்ததும் அந்தப் போனிலிருந்து செயலியை நீக்கிவிடுங்கள்.

ஸ்டீம் கணக்கு தனி ரகம்

விளையாடுகிறவர்கள் அதிகம் கேட்பது இது. கணினி விளையாட்டுகளை விற்கும் தளமான ஸ்டீமில் கியூஆர் எடுத்து ஏஜிஸில் சேர்க்கும் வழி கிடையாது. போனில் ஸ்டீமின் சொந்தச் செயலியில்தான் அதன் இரண்டு படிச் சரிபார்ப்பான ஸ்டீம் கார்டு (Steam Guard) இயங்கும். அதன் குறியீடும் ஆறிலக்கம் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஐந்து. அமைத்து முடிக்கும்போது ஆர் எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று காட்டும். நோட்டில் அடுத்த வரி அதுதான். ஏற்கெனவே அமைத்துவிட்டவர்கள் செயலிக்குள் ஸ்டீம் கார்டு பக்கத்தில் சக்கரக் குறியை அழுத்தி அதை மீண்டும் பார்க்கலாம். போன் போய்விட்டால் பழைய ஸ்டீம் கார்டை நீக்க அந்தக் குறியீடு ஒன்றே போதும்.

ஸ்டீம் கார்டு இருந்தும் கணக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. தெரிந்த நண்பர் கணக்கிலிருந்து 'எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு' என்று சுட்டி வரும். உள்ளே போனால் ஸ்டீம் நுழைவுச் சாளரம் போலவே ஒன்று திறக்கும், முகவரிப் பட்டைகூடச் சரியாக இருக்கும். அந்தச் சாளரத்தைப் பிடித்துப் பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான சாளரம் வெளியே வரும். போலி அந்தப் பக்கத்துக்குள்ளேயே முட்டி நிற்கும், ஏனென்றால் அது வரைந்த படம். அங்கே நீங்கள் தட்டும் குறியீடு அதே நிமிடம் திருடன் கையில் இருக்கும். இந்த ஆறிலக்க முறையாலும் இதைத் தடுக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழையும் பாஸ்கீ தரும் தளங்களில் அதையும் அமைத்துக்கொள்ளுங்கள், போலி முகவரியில் அது வேலை செய்யாது.

வாட்ஸ்அப்புக்கு ஆதென்டிகேட்டர் இல்லை. செட்டிங்ஸ், கணக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு என்று போய் ஆறிலக்கப் பின் (PIN) எண் வையுங்கள். மின்னஞ்சலைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

'எல்லாம் சரியாகச் செய்தேன், குறியீடு தவறு என்றே வருகிறது' என்று மூன்று பேர் எழுதினார்கள். மூவருக்கும் போனின் நேரம்தான் தவறு. ஒருவர் வீட்டில் பிள்ளை, மொபைல் விளையாட்டில் உயிர் சீக்கிரம் நிரம்ப வேண்டும் என்று கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கிறான். நேரத்தை வைத்துத்தான் எண் பிறக்கிறது என்பதால் ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் தளம் ஏற்காது. தேதி, நேரம் செட்டிங்ஸில் தானியங்கி என்பதை இயக்கினால் அந்த நொடியே சரியாகிவிடும். இதை முதல் படியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவருக்கு ஒரே தளத்தின் பெயரில் இரண்டு வரிகள் ஏஜிஸில் ஓடுகின்றன, ஒன்றுதான் வேலை செய்கிறது. இடையில் அவர் அந்தத் தளத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பை நிறுத்தி மீண்டும் இயக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிய சாவி பிறக்கும், பழையது செத்துவிடும். எது உயிரோடு இருக்கிறது என்று ஒரு முறை நுழைந்து பார்த்துவிட்டுப் பழைய வரியை நீக்குங்கள். நோட்டிலும் அந்தச் சாவியை அடித்துவிடுங்கள். நான் தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

போன் மாற்றப் போகிறவர்கள் பலர் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: புதுப் போனில் ஏஜிஸ் கோப்பைத் திறந்து, இரண்டு கணக்கிலாவது நுழைந்து பார்த்த பிறகே பழைய போனை அழியுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் டெலிவரி ஆள் வாசலில் நிற்கும்போது இதைத் தொடங்க வேண்டாம், முந்தின நாளே முடித்து வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுப்பதானாலும் அப்படியே.